அம்மா எந்தப் பக்கம் போனவ

பேர்ண், சுவிஸ்
12.03.1994

அன்பான மலரக்காவுக்கு,

இதையும் நீங்கள் பிரிக்காமல் வைக்கக்கூடும். எண்டாலும் அம்மாவின்ரை திவசம் வாற நேரம் எழுதாமல் என்னாலை இருக்க ஏலாது. நான் இஞ்சை வந்த நாள் தொடக்கம் ஒவ்வொரு பங்குனியும் எழுதுறன். நீங்கள் பதில் போடுறேல்லை. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இந்தமுறை ஒரு விசயம் சொல்லவேணும். இஞ்சை வதனி எண்டு ஒரு பிள்ளையோடை பழக்கம். ஊர் கரவெட்டி. நான் கோப்பை கழுவுற ஹோட்டலுக்குக் கிட்ட, வயதுபோன ஆக்களைப் பாக்கிற இல்லத்திலை வேலை செய்யிறா. கலியாணம் செய்வமோ எண்டு அவதான் கேட்டா. நான் மாட்டன் எண்டிட்டன். ஏன் எண்டு விடாமல் கேட்கக் கேட்க, அகதி விசாரணைக்குப் பிறகு ஒருதருக்கும் சொல்லாத கதையை அவவுக்குச் சொன்னன்.

எனக்கு அப்ப பதின்மூண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு நேரை உரும்பிராய்க்கு வராமல், கோப்பாயிலை ஒரு வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்து வெளியிலை கிரிக்கெட் விளையாடப் போனன். அம்மா வீட்டிலை பாத்துப் பாத்து நிண்டுபோட்டு, என்னைத் தேடிக்கொண்டு கோப்பாய்ச் சந்திக்கு வந்தா. ஆமியின்ரை ஹெலிகொப்டர் வந்து சுட்டது. நான் வாழைக்குள்ளை படுத்துக் கிடந்தன். ஹெலி போனாப்பிறகு எழும்பித் திரும்பவும் விளையாடினன். வீட்டை வரேக்கை முற்றம் நிறையச் சனம். அப்பா என்னைக் கண்டதும் எல்லாருக்கும் முன்னாலை, உன்னைத் தேடித்தானடா போனவள் எண்டு சொன்னார். நீங்கள் ஓடிவந்து என்ரை பள்ளிக்கூடச் சேட்டைப் பிடிச்சு, அம்மாவுக்குப் பதிலா நீ செத்திருக்கலாம் எண்டு சொன்னீங்கள்.

இதுதான் நான். வேறை என்ன செய்தாலும், எங்கை போனாலும், தாயைச் சாகக் குடுத்த பெடியன். விசாரணையிலை ஏன் நாட்டைவிட்டு வந்தாய் எண்டு கேட்கவும் இதைத்தான் சொன்னன். மொழிபெயர்க்க வந்த ஐயா, தம்பி, உது அகதிக்கான காரணம் ஆகாது எண்டு மெல்லமாய்ச் சொன்னார். எனக்கு அது விளங்கேல்லை. அதைவிட வேறை காரணம் என்னட்டை இல்லை.

வதனி எல்லாத்தையும் கேட்டுப்போட்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டா. அதுக்கு முதல் நீங்கள் பிந்தின நாளிலை அம்மா எப்பவாவது தேடி வந்தவவோ எண்டு. நான் கிழமையிலை பாதி நாள் பிந்தித்தானே வாறனான் அக்கா. ஒருநாளும் அவ தேடி வந்ததாய் எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு வதனியிலை கோவம் வந்திட்டுது. எழும்பி வந்திட்டன்.

நான் மன்னிப்புக் கேட்கேல்லை. கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே தேஞ்சுபோச்சு. திவசத்தண்டைக்கு என்ரை பேராலையும் ஒரு பிடி சோறு காகத்துக்கு வையுங்கோ.

தம்பி
தவரூபன்


உரும்பிராய் கிழக்கு
03.08.1994

ரூபன்,

நீ எழுதிய எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் பிரித்தேன், வாசித்தேன். பதில் எழுத மனம் இடம்கொடுக்கவில்லை. இதை எழுதத் தொடங்கி இது நான்காவது தாள். கிளாலியால் வள்ளமேறிக் கொழும்புக்குப் போகிற ஒருவர் நாளைக்கு வெளிக்கிடுகிறார். அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதால் இனிக் கிழிக்காமல் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு அம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தார். நெடிய மனிசி, தலை முழுக்க நரை. பூரணத்தின்ரை வீடு இதுதானோ என்று கேட்டார். அம்மாவின் பெயரை அப்படி மொட்டையாக ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலம். பெயர் அருந்ததி. நீர்வேலியில் அம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். பருத்தித்துறையில் கலியாணம் செய்து, அங்கே ஒரு டொக்டரின் தனியார் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிறவர். கோப்பாயில் ஒரு செத்தவீட்டுக்கு வந்த இடத்தில் எங்களைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை என்றார்.

அப்பா உள்ளே படுத்திருந்தார். பாரிசவாதம் வந்த பிறகு பகலில் அநேகமாக நித்திரைதான். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“என்ரை நெஞ்சுக்குள்ளை கிடந்து அறுக்குது பிள்ளை. நான் வரச்சொல்லாமல் விட்டிருந்தால் பூரணம் அண்டைக்கு அந்தச் சந்தியிலை நிண்டிருக்கமாட்டாள்.”

எங்கே வரச்சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில்தான் அவருக்கு அது விளங்கியது. எழும்பிப் போகப் பார்த்தார். நான் விடவில்லை.

அம்மா பருத்தித்துறைக்குப் போக வெளிக்கிட்டவ. டிஸ்பென்சரியில் அம்மாவுக்கு ஒரு வேலை. பின்னாலே இருக்க ஒரு அறை. இரண்டு பேரும் மாதக்கணக்காகக் கதைத்து ஒழுங்கு செய்தது. அப்பா வாழைக்குலையோடு பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற நாளாகப் பார்த்து, நான் யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்குப் போன நேரமாகப் பார்த்து, அம்மா உடுப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறா. அருந்ததியம்மா அன்று பின்னேரம் முழுக்கப் பருத்தித்துறை பஸ் நிலையத்தில் நின்றிருக்கிறார்.

நான் நம்பவில்லை. அவரை இருக்கச் சொல்லிவிட்டு நேரே கோப்பாய்ச் சந்திக்குப் போனேன். அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிற ஏரம்பு அண்ணைதான் அம்மாவை முதலில் தூக்கியவர் என்று உனக்குத் தெரியும். அம்மா எங்கே நின்றவ என்று மட்டும் கேட்டேன். அவர் ரியூப்புக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், பள்ளிக்கூடப் பக்கம் நிக்கேல்லை மோனை, பருத்தித்துறை மினிபஸ்ஸுக்கு மற்றப் பக்கம் நிண்டவ, கையிலை பெரிய பை என்றார். அப்பா வந்து பையைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டாராம். ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். செத்த மனிசியின்ரை பேரையும் கெடுக்கிறதோ என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ரூபன், அம்மா உன்னைத் தேடிப் போகவில்லை. எங்களை விட்டுவிட்டுப் போனா.

திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் அருந்ததியம்மா கதிரையில் அப்படியே இருந்தார். உள்ளே அப்பா இருமிக்கொண்டு தண்ணீர் கேட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடிக்கும்வரை செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கக் கதை சொல்லுகிறவள் நான். அன்றைக்குச் செம்பை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அப்பா கைநீட்டுகிறவர் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூட்டுறவுச் சங்கக்கடையில் அம்மாவுக்குக் கிடைத்த வேலையை அவர் போய் நிறுத்தியதும் தெரியும். அதன் பிறகு அம்மா சிரிக்கவில்லை என்பதும் தெரியும். தெரிந்ததை எல்லாம் நாங்கள் ஒரு இடத்திலும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

உன் சேட்டைப் பிடித்துக்கொண்டு நான் அன்று சொன்ன சொல் இப்போது எங்கே போய் நிற்கும்? அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

அக்கா
தவமலர்


பேர்ண்
20.10.1994

அக்கா,

உங்கடை கடிதத்தைக் குசினியிலை நிண்டு பிரிச்சன். வாசிச்சாப்பிறகு என்ன செய்தன் எண்டு தெரியாது. கூட வேலை செய்யிற துருக்கிக்காரன் தண்ணிப் பைப்பைப் பூட்டினதும் என்னைப் பிடிச்சுக் கதிரையிலை இருத்தினதும்தான் ஞாபகம். தண்ணி நிலமெல்லாம் ஓடிக் கிடந்தது.

முதல் நான் நம்பேல்லை. என்னை ஆறுதல்படுத்த நீங்கள் கட்டின கதை எண்டு நினைச்சன். பிறகு யோசிச்சன். என்ரை அக்கா ஆறுதலுக்குக் கதை கட்டுற ஆள் இல்லை.

வதனிட்டைப் போய்க் கடிதத்தைக் குடுத்தன். வாசிச்சுப்போட்டு அவவுக்குக் கண் கலங்கினது. இனி உங்களிலை பிழையில்லை எண்டு தெரிஞ்சிட்டுதுதானே எண்டா. எனக்கு எங்கையிருந்து அந்தக் கோவம் வந்தது எண்டு தெரியேல்லை. மேசையிலை இருந்த கிளாசைத் தூக்கி எறிஞ்சன். அப்பாவின்ரை கைபோலை இருந்தது என்ரை கை. அதைப் பாத்துப் பயந்து நானே வெளியாலை ஓடிட்டன்.

பிழை என்ரையாய் இருந்த கதையிலை அம்மா என்னைத் தேடி வந்தவ அக்கா. நான் எவ்வளவு கெட்டவனாய் இருந்தாலும் அவ என்னட்டைத்தான் வந்துகொண்டிருந்தவ. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் இவ்வளவு காலமும் காலமை எழும்பினது. இப்ப அவ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு றோட்டின்ரை மற்றப் பக்கம் நிண்டவ எண்டுறீங்கள். என்னிலை பிழையில்லை, சரி. அப்ப நான் ஆர்?

இன்னொண்டு. இதை எழுதக் கை கூசுது.

உங்கடை கடிதம் வந்து ரெண்டு மூண்டு நாளைக்குப் பிறகு, கோப்பை அடுக்கிக்கொண்டு நிக்கேக்கை சும்மா ஒரு வசனம் வந்தது. அண்டைக்குக் காலமை படலையடியிலை அம்மா என்ரை சேட்டுக் கொலரை மடிச்சுவிட்டா. விட்டுப்போட்டு,

“இண்டைக்கு நேரை வீட்டை வராதையடா. ஆறுதலாய் விளையாடிப்போட்டு வா.”

எண்டு சொன்னா. அவவின்ரை குரல். அப்பிடியே.

நான் பிந்தினது அவ சொல்லித்தான். அவ வெளிக்கிடேக்கை நான் வீட்டிலை நிக்கக்கூடாது எண்டதுக்காகச் சொல்லியிருக்கிறா. இந்த வசனம் இவ்வளவு காலமும் எங்கை கிடந்தது அக்கா? நான் அந்த நாளை எத்தினை தரம் நினைச்சிருப்பன். படலை வரும், கொலர் வரும், அவவின்ரை கை மணக்கும். வசனம் மட்டும் வந்ததே இல்லை. குற்றவாளி நான் எண்ட கதைக்கு அது தோதுப்படாமல் நானே வெட்டி எறிஞ்சிருக்கிறன்போலை. இல்லாட்டி, உங்கடை கடிதத்தைப் பாத்தாப்பிறகு இப்ப புதுசாய்க் கட்டினனோ? அதுவும் தெரியேல்லை. என்ரை தலையை நானே நம்பாமல் இருக்கிறது எவ்வளவு பயம் எண்டு உங்களுக்குச் சொல்ல ஏலாது.

எனக்கு ரெண்டு கேள்வி. அப்பா ஏன் அப்பிடிச் சொன்னவர்? அம்மா எங்களைப் பிறகு கூப்பிட நினைச்சவவோ? அருந்ததியம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்டு எழுதுங்கோ. என்னவாய் இருந்தாலும் எழுதுங்கோ.

ரூபன்


உரும்பிராய் கிழக்கு
18.02.1995

ரூபன்,

சண்டை நின்றிருக்கிறது. சனம் ஒருவரை ஒருவர் நம்பாமல் பார்த்துச் சிரித்துக்கொண்டு றோட்டில் திரிகிறார்கள். நான் இந்த இடைவெளியில் பருத்தித்துறைக்குப் போய்வந்தேன்.

முதலில் அப்பா. உன் கடிதம் வந்த அன்றே கேட்டேன். கஞ்சி பருக்கிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, அம்மா அன்றைக்கு எங்கே போனவ அப்பா என்று கேட்டேன். அவர் உடனே சொல்லத் தொடங்கினார். நீ பிந்தினாயாம். அம்மாவுக்கு நெஞ்சு படபடத்ததாம். சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெடியனைப் பாத்துக்கொண்டு வாறன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாவாம். நீங்கள் அந்த நேரம் சந்தையில் அல்லவா நின்றீர்கள் என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை. அம்மா படலையைத் திறந்தது, திரும்பிப் பார்த்தது, எல்லாம் கண்டவர்போலச் சொன்னார். சொல்லிக்கொண்டே அழுதார். இழுத்துப்போன வாயால் அழுதார்.

 அவர் பொய் சொல்லவில்லை ரூபன். சொல்லிச் சொல்லி அது அவருக்கு நடந்ததாகவே ஆகிவிட்டது. நான் சண்டைபிடிக்க ஒரு பொய்க்காரனைத் தேடிப் போனேன். அங்கே மனைவியை நினைத்து அழுகிற ஒரு கிழவர் இருந்தார். பையை என்ன செய்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பருத்தித்துறையில் அருந்ததியம்மா அந்த அறையைக் காட்டினார். இப்போது மருந்துப் போத்தல் அடுக்கிவைக்கிற அறை. ஒரு யன்னல். திறந்தால் கடல் காற்று வருகிறது. ஒரு பாய் விரித்தால் அதோடு சரி. அம்மா ஒரு தரம் வந்து பார்த்தவவாம். யன்னலைத் திறந்து, மூடி, பிறகும் திறந்து பார்த்தவவாம். நல்லூர்க் கோயிலுக்குப் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு வந்த நாளாக இருக்கவேண்டும்.

உன் இரண்டாவது கேள்வியை அங்கே வைத்துத்தான் கேட்டேன். இனி எழுதுவதை முதலில் வேறு மாதிரி எழுதினேன். அம்மா உன்னையும் என்னையும் கூப்பிட இருந்தா என்று அழகாக எழுதினேன். எழுதி முடித்து வாசித்தபோது அது அப்பாவின் குரலில் இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். நீ, என்னவாக இருந்தாலும் எழுதச் சொன்னாய்.

அம்மா என்னைக் கூப்பிட இருந்தா. கொஞ்ச நாளில் என்னைப் பருத்தித்துறைக்கு எடுத்து, ஒரு வேலை தேடித்தரும்படி அருந்ததியம்மாவைக் கேட்டிருந்தா. உன்னைக் கூப்பிடும் யோசனை இல்லை. ஆண்பிள்ளையை அப்பாவின் ஆட்கள் விடமாட்டார்கள், கேட்டால் தன்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொன்னவவாம். அப்ப பெடியனை என்ன செய்யிறது என்று அருந்ததியம்மா கேட்டிருக்கிறார். அதற்கு அம்மா சொன்ன மறுமொழியை அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

“அவனை நினைச்சால் எனக்குக் கால் எழும்பாது. அதாலை அவனை நினைக்காமல்தான் வரவேணும்.”

இதற்கு என்ன பொருள் என்று நான் சொல்லமாட்டேன். நானும் ஒரு பொருள் சொல்லி உன் தலையில் கட்டினால் அப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

என் பங்கையும் சொல்லவேண்டும். என்னைக் கூப்பிட இருந்தா என்று கேட்டதும் எனக்கு ஒரு நிமிடம் சந்தோசம் வந்தது. உன்னை அல்ல, என்னை. அந்தச் சந்தோசத்தைக் கண்டு நானே விறைத்துப்போனேன். அடுத்த நிமிடம் வேறொன்று விளங்கியது. அம்மா எந்த வீட்டிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போக நினைத்தாவோ, அந்த வீட்டிலேயே இருந்து, அந்த மனிசனுக்கே கஞ்சி பருக்கிக்கொண்டு, அம்மா விட்ட கடமையை நான் செய்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். ஊரும் அப்படித்தான் என்னைப் பற்றிச் சொல்லும். பூரணத்தின்ரை மகள் தாயைப்போலை எண்டு. தாய் எப்படி என்று ஊருக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

அருந்ததியம்மாவுக்கு ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் கூப்பிட்டதால் அம்மா சாகவில்லை, ஹெலியில் இருந்தவன் சுட்டதால் செத்தவ என்று.  எட்டு வருசமாய் ஒருதரும் இதைச் சொல்லேல்லைப் பிள்ளை என்றார். உனக்கும் அதை நான்தான் சொல்லியிருக்கவேண்டும். முதல் நாளே.

மலரக்கா


பேர்ண்
30.04.1995

அன்பான அக்கா,

திரும்பவும் சண்டை தொடங்கிட்டுது எண்டு றேடியோவிலை சொல்லுறாங்கள். இந்தக் கடிதம் எந்த வழியாலை, எப்ப வருமோ தெரியாது.

நீங்கள் எழுதினதை வாசிச்ச அண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்லை. கட்டிலிலை கிடந்தன். அம்மாவைத் திட்டினன். வாய்விட்டுத் திட்டினன். அடுத்த அறைக்காரன் கதவைத் தட்டிக் கேட்கிற அளவுக்கு. அவ செத்ததுக்குப் பிறகு ஒருநாளும் நான் அவவோடை கோவிச்சதில்லை. கோவிக்க எனக்கு உரிமை இருந்ததாய்த் தெரிஞ்சதில்லை.

பிறகு ஒரு நாள் வேலையிலை, சலாட் வெட்டுற போர்த்துக்கல் மனிசிக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினம். முப்பத்தொன்பது எண்டு சொன்னா. அம்மா சாகேக்கையும் அந்த வயதுதானே. அந்த மனிசி வேலை செய்யேக்கை பாடுவா, பழுதான தக்காளியை எடுத்து எங்களுக்கு எறிவா, புருசனை நினைச்சுச் சிலநேரம் அழுவா. நான் அவவைப் பாத்தபடி கேக்கைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டிட்டன். அம்மாவை நான் ஒருநாளும் ஒரு வயதோடை நினைச்சதில்லை அக்கா. அம்மா எண்டால் அம்மா. அவவுக்குக் கடல் காத்து வாற ஒரு யன்னல் தேவைப்படும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்.

கால் எழும்பாது எண்டு சொன்னதை மூண்டு விதமாய் விளங்கிப் பாத்தன். காலமை ஒரு மாதிரி, பின்னேரம் ஒரு மாதிரி. இப்ப விட்டிட்டன். பொருள் சொல்லாமல் விட்டதுக்கு உங்களுக்கு நன்றி.

வதனிட்டைப் போய்க் கிளாஸ் எறிஞ்சதுக்கு மன்னிப்புக் கேட்டன். அவ லேசிலை விடேல்லை. இன்னொருக்கா அப்பிடிக் கை போனால் தான் பையைக் கட்டிக்கொண்டு பகலிலை, எல்லாருக்கும் சொல்லிப்போட்டுத்தான் போவன் எண்டா. ஓம், அப்பிடியே செய்யுங்கோ எண்டு சொன்னன். ஆவணியிலை கலியாணப் பதிவு எழுத நினைச்சிருக்கிறம்.

ஒண்டுதான் இன்னும் கஸ்ரம். தாய் தேப்பன் பற்றி ஆரும் கேட்டால் பழைய கதை வாயிலை தானாய் வருகுது. பாதியிலை நிப்பாட்டிறன். புதுசைச் சொல்ல வசனம் இல்லை. கேட்ட ஆக்கள் நான் துக்கத்திலை நிக்கிறன் எண்டு நினைச்சுத் தோளைத் தட்டுகினம்.

அப்பாவோடை சண்டைபிடிக்காதையுங்கோ. எனக்காக வேண்டாம்.

தம்பி
ரூபன்


மட்டுவில், சாவகச்சேரி
24.11.1995

அன்புள்ள தம்பி ரூபனுக்கு,

சித்திரையில் நீ எழுதியது ஐப்பசி தொடக்கத்தில்தான் கைக்குக் கிடைத்தது. அதை வாசித்துப் பதில் எழுத இருக்கும்போதே நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உனக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். உரும்பிராயில் இப்போது ஒருவரும் இல்லை. ஆமி முன்னேறி வர, வலிகாமம் பகுதி முழுக்கவே காலி. நான் படிப்பித்த பிள்ளைகள் எந்த மரத்துக்குக் கீழே இருக்கிறார்களோ தெரியாது. இதை எழுதும்போதும் என்னால் இதை நம்ப முடியவில்லை.

எல்லாச் சனமும் ஒரே நாளில் எழும்பியதற்குச் சில நாட்கள் முந்தியே நாங்கள் வெளிக்கிட்டோம். நீர்வேலிப் பக்கம் செல் குண்டு விழத் தொடங்கிய காலை. அப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சேலையால் சீற்றோடு சேர்த்துக் கட்டி, நான் உருட்டினேன். உடுப்புப் பை ஹாண்டிலில். கைதடிப் பாலத்துக்குப் போகக் கோப்பாய்ச் சந்தியைத் தாண்டவேண்டும். அங்கே மாட்டுவண்டிலும் லாண்ட்மாஸ்டர் உழவுயந்திரமும் சனமுமாக இறுகிப்போய் அசைய வழியில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஏரம்பு அண்ணையின் கடை பூட்டிக்கிடந்தது.

அப்பா அதுவரை ஒன்றும் கதைக்கவில்லை. திடீரென்று, நல்ல தெளிவாக,

“இஞ்சைதான் பிள்ளை அவள் பஸ்ஸுக்கு நிண்டவள்.”

என்றார்.

 சைக்கிள் சரியப் பார்த்தது. பின்னால் நின்ற ஒருவர் பிடித்தார். எந்த பஸ்ஸுக்கு என்று கேட்டேன். பருத்தித்துறைக்கு என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். மழைத்தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை. அவர் றோட்டின் மற்றப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்ப ஏன் பெடியனில் பழியைப் போட்டீர்கள் என்று கேட்டேன். இத்தனை சனத்துக்கு நடுவில், சத்தமாகக் கேட்டேன். அவர் இழுத்து இழுத்துச் சொன்னதை நான் சேர்த்து எழுதுகிறேன். அவன் சின்னப்பெடியன், கொஞ்ச நாளிலை மறந்திடுவான் எண்டு நினைச்சன். விட்டுட்டுப் போனவள் எண்டு சொல்லியிருந்தால் நீங்கள் ரெண்டுபேரும் சாகும்வரை மறந்திருக்கமாட்டியள். நானும் ஊருக்குள்ளை தலை நிமிர்த்தியிருக்க ஏலாது. அந்தக் கடைசியைத்தான் முதலில் சொன்னார் என்பதையும் எழுதவேண்டும். தலை நிமிர்த்துவது முதல். பிறகுதான் நாங்கள்.

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம்போட்டார்கள். நான் அவரைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அந்தச் சந்தியில் அவரை இறக்கி வைத்துவிட்டு நான் மட்டும் போகலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. கைதடி வெளி முழுக்க அது என்னோடு வந்தது. ஆனால் தள்ளினேன். கடமை என்று தள்ளவில்லை. தள்ளுவது என்று நான் எடுத்த முடிவு. இது அம்மா விட்டுப்போன வேலை இல்லை, என் வேலை என்று அந்த மழைக்குள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறொரு நாள் வேறு முடிவு எடுக்கவும் கூடும்.

இங்கே மட்டுவிலில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டிலில் இருக்கிறோம். ஐந்து குடும்பம். அப்பா கைதடியைத் தாண்டிய பிறகு அதைப்பற்றித் திரும்ப ஒன்றும் சொல்லவில்லை. நேற்று பக்கத்துப் பாய்க்காரருக்குப் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெடியனைத் தேடிப் போனவள் என்று. நான் தடுக்கவில்லை. அது அவருடைய கதை. அதில் இருக்கிற பெடியன் நீ இல்லை.

நேற்றுக் காலை கிணற்றடியில் வரிசையில் நிற்கும்போது, புத்தூரிலிருந்து வந்த ஒரு மனிசி என்னோடு கதைகொடுத்தா. தேப்பனை மட்டும் வைச்சுக்கொண்டு தனிய நிக்கிறாய், அம்மா எங்கை பிள்ளை என்று கேட்டா. பழைய வசனம் எனக்கும் வாய்வரை வந்தது. நீ எழுதியதுபோலத்தான், தானாக. அதை விழுங்கிவிட்டு வாளியைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன்:

“அம்மா அப்பாவோடை இருக்க ஏலாமல் பருத்தித்துறைக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்டவ. வழியிலை ஹெலி சுட்டுச் செத்திட்டா.”

 எட்டு வருடமாக ஒரு குடும்பமே தாங்கமாட்டாது என்று மூடி வைத்த வசனம். ஊர் இடியும் என்று அப்பா பயந்த வசனம். நான் அந்த மனிசியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மனிசி ஓம் என்று தலையாட்டினா. ஐயோ பாவம், வயது கனக்க இராது என்ன என்றா. பிறகு என் வாளியைத் தூக்கிப் பார்த்து, இதிலை அடியிலை ஓட்டை, தார் வைச்சு அடையுங்கோ பிள்ளை, இல்லாட்டி அங்கை போறதுக்கிடையிலை பாதித் தண்ணி போயிடும் என்றுவிட்டுத் தன் முறைக்குப் போனா.

மலரக்கா